பாட்டும் சிரிப்புமாக ஓடிய பழைய பிரிட்டிஷ் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

1930-களின் தொடக்கத்திலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் வந்த, நகைச்சுவையும் பாட்டும் சரிபாதி கலந்த படங்கள். கிரேசி ஃபீல்ட்ஸ், ஜார்ஜ் ஃபார்ம்பி, நார்மன் விஸ்டம், டாமி ஸ்டீல், கிளிஃப் ரிச்சர்ட் என்று ஒரு வரிசை. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம், ஊரில் யாரும் மதிக்காத ஒரு ஆள், அவனை விரட்டும் ஒரு முதலாளி, அவனைப் புரிந்துகொள்ளும் ஒரு பெண், நடுவில் மூன்று நான்கு பாட்டு. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பாட்டு வரும் இடத்தைக் கவனியுங்கள். பேச்சில் அந்த ஆளை யார் வேண்டுமானாலும் அடக்கிவிடலாம், "வாயை மூடு" என்று சொல்லிவிடலாம். பாட ஆரம்பித்துவிட்டால் மூன்று நிமிடம் அவன் இடம், யாரும் குறுக்கே வர முடியாது. இந்தப் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த மூன்று நிமிடங்களுக்காகத்தான்.

ஹாலிவுட் மியூசிக்கல் மாதிரி பிரம்மாண்டமாக இருக்குமா?

இருக்காது. அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நூறு பேர் வரிசையாக ஆடுவது, பளிங்குப் படிக்கட்டு, இறகு வைத்த உடைகள் இதெல்லாம் இங்கே அபூர்வம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஜெஸ்ஸி மேத்யூஸ். லண்டன் சோஹோ பகுதியில் 1907-ல் பிறந்தவர், 1934-ல் வந்த 'எவர்கிரீன்' படத்தில் அவர் ஆடுவதைப் பார்த்தால் அமெரிக்கர்களுக்குச் சற்றும் குறைந்தவர் இல்லை என்று தெரியும். கதையும் வேடிக்கையானது: ஒரு மேடைப் பாடகியின் மகள், வயதே ஆகாத தன் அம்மாவாக ஊரை நம்பவைக்கிறாள். விக்டர் சாவில் இயக்கம். ஃப்ரெட் அஸ்டேருடன் இவரை ஜோடி சேர்க்க வேண்டும் என்ற பேச்சு இருந்தது, நடக்காமல் போய்விட்டது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் தரும் விஷயம் அது.

மற்றவர்கள் எல்லாம் வேறு பள்ளிக்கூடம். அவர்கள் வந்தது மியூசிக் ஹாலிலிருந்து.

மியூசிக் ஹால் என்றால் என்ன?

19-ம் நூற்றாண்டில் மதுக்கடைகளை ஒட்டிய கூடங்களில் தொடங்கி, பிறகு தனி அரங்குகளாக வளர்ந்த பொழுதுபோக்கு. ஒரே இரவில் பாடகர், ஜோக் சொல்பவர், மரக்கட்டைச் செருப்பு போட்டு ஆடுபவர், வித்தை காட்டுபவர், நாய் வைத்து வேடிக்கை செய்பவர் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான். அதற்குள் மில் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் நிறைந்த கூட்டத்தைக் கையில் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் கூச்சல் போட்டே இறக்கிவிடுவார்கள். அங்கே பழகியவருக்குக் கேமரா ஒரு பெரிய விஷயமே இல்லை. ஃபார்ம்பி பாடும்போது நேராக நம்மைப் பார்த்துச் சிரிப்பார், கண்ணடிப்பார். சினிமா இலக்கணப்படி அது தவறு. மியூசிக் ஹால் இலக்கணப்படி அதுதான் மரியாதை, டிக்கெட் வாங்கிவந்தவரைப் பார்த்துத்தானே பாட வேண்டும்.

கிரேசி ஃபீல்ட்ஸ் யார்? இவ்வளவு பேசுகிறார்களே?

இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயரில் ராச்டேல் என்ற மில் ஊர். அங்கே பாட்டியின் பொரித்த மீன் கடைக்கு மேலே இருந்த வீட்டில் 1898-ல் பிறந்தவர், இயற்பெயர் கிரேஸ் ஸ்டான்ஸ்ஃபீல்ட். சின்ன வயதில் பஞ்சாலையில் வேலை பார்த்திருக்கிறார். 1931-ல் 'சாலி இன் அவர் ஆலி' முதல் படம். அதில் வந்த 'சாலி' பாட்டு வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை.

'சிங் ஆஸ் வீ கோ' (1934) படத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஜே.பி. பிரீஸ்ட்லி எழுதிய கதை. பஞ்சாலையை மூடுகிறார்கள், வேலை போகிறது, கிரேசி சைக்கிளை எடுத்துக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குப் பிழைக்கப் போகிறார். பிளாக்பூல் காட்சிகளை நிஜமாகவே அங்கே போய் எடுத்திருக்கிறார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போன ஜனங்கள், ஒரு வாரம் கையில் இருக்கிற காசைச் செலவழித்துச் சிரித்துவிட்டுப் போக வந்த கடற்கரை எப்படி இருந்தது என்பதை இந்தப் படத்தில் அப்படியே பார்க்கலாம். கடைசியில் மில் திரும்பத் திறக்கிறது, தொழிலாளர்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டே கதவுக்குள் நுழைகிறார்கள், முன்னால் கிரேசி. அழகுப் பதுமையாக அவரைக் காட்ட யாரும் முயலவில்லை, பக்கத்து வீட்டு அக்கா மாதிரி இருப்பார், குரல் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருக்கும், நடுவில் திடீரென்று வேண்டுமென்றே கீச்சென்று ஒரு கோணல் ஸ்வரம் விட்டுச் சிரிக்கவைப்பார். நல்ல குரல் இருப்பவர் தன் குரலையே வைத்து இப்படி விளையாடுவதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

1930-களின் கடைசியில் 4 படங்களுக்கு 2 லட்சம் பவுண்டு என்று ஹாலிவுட் நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் போட்டது. அப்புறம் போர் வந்தது. 1940-ல் அவர் மணந்துகொண்ட இயக்குநர் மாண்டி பாங்க்ஸ் இத்தாலியில் பிறந்தவர், இத்தாலியோ எதிரி நாடாகிவிட்டது. பிரிட்டனில் இருந்தால் கணவரைக் காவலில் வைத்துவிடுவார்கள் என்பதால் வட அமெரிக்கா போனார். ஓடிப்போய்விட்டார் என்று சில பத்திரிகைகள் திட்டின. அவரோ போர்க்காலம் முழுவதும் கச்சேரி நடத்தி நிதி திரட்டினார், படைவீரர்கள் இருந்த இடங்களுக்கெல்லாம் போய்ப் பாடினார். அந்தப் பழி அவருக்கு நியாயமே இல்லை. 1979-ல் காப்ரி தீவில் இறந்தார்.

ஜார்ஜ் ஃபார்ம்பி கையில் வைத்திருப்பது கிட்டாரா?

இல்லை, அது பாஞ்சோலேலே. உகுலேலே மாதிரி நான்கு தந்தி, உடம்பு மட்டும் பாஞ்சோ போலத் தோல் கட்டிய வட்டம். அதனால் ஓசை கணீரென்று தெறிக்கும்.

அவர் வாசிக்கும்போது இடது கையை விடுங்கள், வலது கையைப் பாருங்கள். ஒரே வீச்சில் எல்லாத் தந்திகளையும் அடிக்காமல், வீச்சைப் பிரித்து, ஒரு தந்தியில் முன்னும் இன்னொரு தந்தியில் பின்னுமாக மாற்றி மாற்றித் தொட்டுப் போவார். தாளம் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு எதிர்த்தாளம் துள்ளும். இதற்கு 'ஸ்ப்ளிட் ஸ்ட்ரோக்' என்று பெயர். இன்றைக்கும் அதைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். முகத்தில் அசட்டுச் சிரிப்பு, பல் எல்லாம் வெளியே, கை மட்டும் மின்சாரம். ஸ்ருதி மாற்றி வாசிக்க அவருக்கு வராது, அதற்காக வெவ்வேறு ஸ்ருதிக்குக் கூட்டிய பல வாத்தியங்களை வைத்துக்கொண்டு பாட்டுக்குத் தகுந்தபடி எடுப்பார்.

1904-ல் விகன் ஊரில் பிறந்தவர். அப்பாவும் பெரிய மியூசிக் ஹால் நடிகர், அதே பெயர். பையன் குதிரைப் பந்தய ஜாக்கியாகத்தான் பயிற்சி எடுத்தான். 1921-ல் அப்பா இறந்த பிறகே மேடைக்கு வந்தான். முதல் பெரிய படமான 'பூட்ஸ்! பூட்ஸ்!' (1934) லண்டனில் ஒரு கராஜுக்கு மேலே இருந்த அறையில் சொற்பச் செலவில் எடுத்தது. பார்த்தால் தெரியும், கேமரா நகரவே இடம் இல்லை. அதிலிருந்து 1946 வரை 20 படங்கள்.

ஃபார்ம்பி படத்தில் எதை முதலில் பார்க்கலாம்?

'நோ லிமிட்' (1935). ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயம்தான் களம். விகனிலிருந்து ஒரு பையன் தானே செய்த வண்டியோடு வருகிறான், ஊர் சிரிக்கிறது, கடைசியில் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வண்டி நின்றுபோக, தள்ளிக்கொண்டே போய் ஜெயிக்கிறான். இயக்கியவர் மேலே சொன்ன அதே மாண்டி பாங்க்ஸ். கதையில் பங்கு, வேலையில்லாத் தொழிலாளர்களின் வாழ்க்கையை நாவலாக எழுதிய வால்டர் கிரீன்வுட்டுக்கு. இந்தச் சிரிப்புப் படங்களுக்குப் பின்னால் பசி தெரிந்த ஆட்கள் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். டி.டி. ரசிகர்கள் இந்தப் படத்தை இன்னும் கொண்டாடுகிறார்கள்.

அடுத்தது 'கீப் யுவர் சீட்ஸ் ப்ளீஸ்' (1936), நாற்காலிக்குள் தைத்து வைத்த நகையைத் தேடி அலையும் கதை, மூலம் ரஷ்ய நாவல்.

அவர் பாட்டை பிபிசி தடை செய்தது உண்மையா?

உண்மை. அந்த நாற்காலிப் படத்தில் வந்த ஜன்னல் துடைப்பவன் பாட்டு. ஏணியில் ஏறி ஜன்னல் துடைக்கிறவன் உள்ளே புதுமணத் தம்பதி முதல் சினிமா நட்சத்திரம் வரை என்னென்ன பார்த்தான் என்று அடுக்குகிறான். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை, எல்லாம் நாமாக நினைத்துக்கொள்வதுதான். பிபிசி தலைவர் ஜான் ரீத்துக்கு அது பிடிக்கவில்லை. ஜனங்களோ இசைத்தட்டை வாங்கித் தீர்த்தார்கள்.

அவர் மனைவி பெரில் பற்றி மோசமாகச் சொல்கிறார்களே?

பெரில் இங்கம், அவரும் மரச்செருப்பு நடனக்காரி. 1924-ல் கல்யாணம். ஃபார்ம்பியின் சம்பளம், ஒப்பந்தம், கதாநாயகி, கைச்செலவுக்காசு எல்லாம் அவர் பிடியில்தான். முத்தக் காட்சி என்றால் படப்பிடிப்பில் பக்கத்திலேயே நிற்பார் என்பார்கள். கடுமையானவர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதரை மேடையில் நிற்கவைத்து நட்சத்திரமாக்கியது அவர் உழைப்பு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1946-ல் இருவரும் தென்னாப்பிரிக்கா போனார்கள். வெள்ளையர் மட்டும் என்று பிரித்து வைத்த அரங்குகளில் மட்டும் நிகழ்ச்சி நடத்த மறுத்து, கறுப்பின மக்கள் முன்னால் போய்ப் பாடினார்கள். ஒரு கறுப்பினச் சிறுமி சாக்லேட் பெட்டி கொடுக்க, பெரில் அவளை வாரியணைத்து முத்தமிட்டார். பின்னாளில் நிறவெறியைச் சட்டமாக்கிய தேசியக் கட்சியின் தலைவர் டேனியல் மலான் போன் செய்து கண்டித்தபோது, பெரில் மரியாதையில்லாத வார்த்தையில் திட்டி போனை வைத்தார் என்று சொல்வார்கள். அந்த ஒரு போனுக்காகவே பெரிலை நான் மதிக்கிறேன்.

1960 கிறிஸ்துமஸ் நேரத்தில் பெரில் இறந்தார். இரண்டே மாதத்தில் ஒரு பள்ளி ஆசிரியையோடு ஃபார்ம்பி நிச்சயம் செய்துகொண்டார், கல்யாணத்துக்கு முன்பே 1961 மார்ச் 6-ல் மாரடைப்பில் போய்விட்டார். இறுதி ஊர்வலத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனம் வழியெங்கும் நின்றது.

போர்க்காலத்தில் இந்தப் படங்கள் நின்றுவிட்டனவா?

மாறாக, அப்போதுதான் அதிகம் தேவைப்பட்டன. 'லெட் ஜார்ஜ் டூ இட்!' (1940) படத்தில் ஒரு கனவுக் காட்சி, ஃபார்ம்பி பலூனிலிருந்து ஜெர்மனியில் இறங்கி ஹிட்லரையே குத்துவிடுகிறார். குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில் அந்தக் காட்சிக்கு எப்படிக் கைதட்டியிருப்பார்கள் என்று யோசித்துப்பாருங்கள்.

பின்னணிப் பாடகர்கள் உண்டா? வாயசைப்பா?

நம் ஊரிலிருந்து இந்தப் படங்களுக்கு வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். பொதுவாக இல்லை. பாட்டாலேயே நட்சத்திரம் ஆனவர்கள், இரவல் குரல் அவர்களுக்கு எதற்கு? நார்மன் விஸ்டம் பெரிய பாடகர் இல்லை, ஆனால் அவர் குரலில் இருக்கும் தழுதழுப்பை இன்னொருவர் கொடுக்க முடியாது. பின்னால் வந்த 'ஆலிவர்!' (1968) படத்தில் மட்டும் சிறுவன் ஆலிவராக நடித்த மார்க் லெஸ்டருக்குப் பாடியது காத்தி கிரீன் என்ற பெண், படத்தின் இசைப் பொறுப்பாளர் ஜானி கிரீனின் மகள். படம் வந்து பல வருஷம் கழித்தே அது வெளியில் தெரிந்தது.

'லண்டன் டவுன்' ஏன் படுத்தது?

போர் முடிந்த கையோடு ஹாலிவுட்டுக்குச் சவால் விடுவதாக நினைத்து ராங்க் நிறுவனம் பணத்தைக் கொட்டி வண்ணத்தில் எடுத்த படம், 1946. அமெரிக்காவிலிருந்து இயக்குநரையே கொண்டுவந்தார்கள். மேடையில் ஊரையே உருட்டிக்கொண்டிருந்த சிட் ஃபீல்ட் நாயகன், மகளாகச் சிறுமி பெட்டுலா கிளார்க். பாட்டும் ஆட்டமும் அமெரிக்க நகல், பிரிட்டிஷ் வாசனையே இல்லை. ஏற்கெனவே சொன்னேனே, இவர்கள் பலம் பிரம்மாண்டம் கிடையாது.

அப்படியும் அந்தப் படத்தைத் தூக்கியெறிய மாட்டேன். சிட் ஃபீல்ட் 1950-ல் 45 வயதில் இறந்துவிட்டார். மேடையில் அவர் செய்த கோல்ஃப் காட்சி இந்தப் படத்தில் பதிவாகியிருக்கிறது. எப்படி அடிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சொல்லையும் அப்படியே நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு குழம்பும் மாணவன். அந்த ஆசிரியர் ஜெரி டெஸ்மண்ட். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

நார்மன் விஸ்டம் படங்களில் அப்படி என்ன இருக்கிறது?

'ட்ரபிள் இன் ஸ்டோர்' (1953) ஆரம்பக் காட்சியைச் சொல்கிறேன். ஒரு பெரிய கார், உள்ளே கோட்டு சூட்டோடு முதலாளி. அவர் பக்கத்திலேயே நார்மன் உட்கார்ந்து சகஜமாகப் போய்க்கொண்டிருப்பது போல் தெரியும். கார் முன்னே நகர்கிறது, அப்போதுதான் தெரிகிறது, நார்மன் காருக்குள் இல்லை, காரை ஒட்டிச் சைக்கிளில் வந்துகொண்டிருந்திருக்கிறான். மொத்தப் படமும் அந்த ஒரு ஷாட்டில் அடங்கிவிட்டது. முதலாளி பக்கத்தில் இருப்பதாக அவன் நினைப்பு, நடுவில் கார்க் கதவு.

பெரிய டிபார்ட்மென்ட் கடையில் சரக்கு அறை வேலையாள் அவன், ஆசை மட்டும் கண்ணாடி ஜன்னலில் பொருள்களை அலங்காரமாக அடுக்கும் வேலை மேல். கடையில் திருட வரும் கிழவியாக மார்கரெட் ரதர்ஃபோர்ட், அவர் திருடிய பெட்டிகளைப் பாவம் என்று நார்மனே தூக்கிக்கொண்டு போய் உதவுகிறான். சிரித்து வயிறு வலிக்கும் நேரத்தில், இசைத்தட்டுப் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் 'டோன்ட் லாஃப் அட் மீ' பாட்டைப் பாடுகிறான். ஆட்டம் இல்லை, அலங்காரம் இல்லை. இதுவரை சிரித்துக்கொண்டிருந்த நம்மைப் பார்த்தே, சிரிக்காதீர்கள் என்று கேட்பது போல இருக்கும். சிலருக்கு இந்த அழுகை மிகை. எனக்கு அது இல்லாமல் நார்மன் இல்லை.

அவர் உடையைக் கவனியுங்கள். இரண்டு அளவு சின்னதான கோட்டு, மேல் பட்டன் மட்டும் போட்டது, கோணல் தொப்பி, விளிம்பு மேலே மடிந்திருக்கும். அந்தக் கோட்டுக்குள் கை விறைத்து நிற்கும், அதனால் விழும்போது பொம்மை விழுவது போல விழுவார். அவ்வளவு துல்லியமாக விழுவதற்கு உடம்பில் விளையாட்டு வீரனின் கட்டுப்பாடு வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். அந்தப் படத்துக்கு அவருக்கு பிரிட்டிஷ் அகாடமியின் நம்பிக்கைக்குரிய புதுமுகம் விருது கிடைத்தது.

'ஸ்ட்ரெயிட் மேன்' என்கிறார்களே, அது யார்?

சிரிக்கவே சிரிக்காமல் எதிரில் நிற்பவர். கோபப்படுவார், நிமிர்ந்து நிற்பார், சரியாகப் பேசுவார். அவர் நிற்கிற நிலை சரியாக இருந்தால்தான் இவர் விழுவது சிரிப்பாகும். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவர் மாதிரி, இருக்கும்போது கவனிக்க மாட்டோம், நின்றுபோனால் தெரியும்.

இதில் ராஜா ஜெரி டெஸ்மண்ட். உயரம், நரை ஓடிய தலை, கச்சிதமான சூட். மேடையிலும் 'லண்டன் டவுன்' படத்திலும் சிட் ஃபீல்டுக்கு எதிரில் நின்றவர், 'ட்ரபிள் இன் ஸ்டோர்' காரில் இருக்கும் அந்த முதலாளியும் அவர்தான். 'அப் இன் தி வேர்ல்ட்', 'எ ஸ்டிட்ச் இன் டைம்', 'தி எர்லி பேர்ட்' என்று நார்மன் படங்களில் தொடர்ந்து வருவார். சாப்ளினின் 'எ கிங் இன் நியூயார்க்' படத்திலும் இருக்கிறார். இவ்வளவு பேர் சிரித்ததில் பாதி இவர் சம்பாத்தியம், சுவரொட்டியில் பெயர் எப்போதும் சின்னதாகத்தான் இருந்தது.

நார்மனின் இன்னொரு எதிராளி மிஸ்டர் கிரிம்ஸ்டேல், நடித்தவர் எட்வர்ட் சாப்மன். "மிஸ்டர் கிரிம்ஸ்டேல்!" என்று நார்மன் அலறுவது பிரிட்டனில் இன்னும் நினைவிருக்கும் வசனம்.

இரட்டை வேடம் உண்டா?

உண்டு! 'தி ஸ்கொயர் பெக்' (1958). முனிசிபாலிட்டிக்காக ரோடு தோண்டும் பிட்கின் ஒருவன், அவனைப் போலவே இருக்கும் ஜெர்மன் ஜெனரல் இன்னொருவன். ஹட்டி ஜாக்ஸ் பாடகியாக வருகிறார், அவரோடு வரும் பாட்டுக் காட்சிக்காகவே பார்க்கலாம்.

அல்பேனியாவில் நார்மன் விஸ்டம் தெய்வம் மாதிரி என்கிறார்களே?

கதை விட்டதில்லை. என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் வெளிநாட்டுப் படங்களே உள்ளே வராத காலத்தில் இவர் படங்களை அனுமதித்தார்கள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடக்கும் போராட்டமாக அரசு அதைப் பார்த்தது. ஜனங்களுக்கு அவர் 'பிட்கின்'. 1995-ல் அவர் அங்கே போனபோது கூட்டம் அலைமோதியது. 2001-ல் இங்கிலாந்து கால்பந்து அணி டிரானாவுக்கு ஆடப் போனது, நார்மனும் போயிருந்தார், பாதி இங்கிலாந்து பாதி அல்பேனியா சட்டையோடு. பெக்கமைவிட அவரைச் சுற்றித்தான் கூட்டம்.

நம் பக்கமும் அவர் புதியவர் இல்லை. அந்தக் கால மதராஸ் தியேட்டர்களில் ஆங்கிலப் படம் பார்த்த பெரியவர்களிடம் பெயரைச் சொல்லிப்பாருங்கள். 'எ ஸ்டிட்ச் இன் டைம்' (1963) 1980-களில் மதராஸில் மறுபடி திரையிட்டபோதும் நல்ல வசூல் என்று சொல்லப்படுகிறது. கறிக்கடைப் பையன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து அங்கே நடக்கும் கலாட்டா, நடுவில் பெற்றோரை இழந்து பேச்சை விட்டுவிட்ட ஒரு சின்னப் பெண், அவளைச் சிரிக்கவைக்க இவன் படும் பாடு. இது எந்த ஊரிலும் ஓடும்.

லக்னோவுக்கும் இந்தப் படங்களுக்கும் என்ன சம்பந்தம்?

சுவையான ஒற்றுமை இது. நார்மன் 1915-ல் லண்டனில் பிறந்து, வீட்டில் அடியும் பட்டினியும் தெருவில் படுக்கையுமாக வளர்ந்தவர். 1930-ல் ராணுவ பேண்டில் பையனாகச் சேர, அவரை அனுப்பியது லக்னோவுக்கு. வாத்தியங்கள் வாசிக்கக் கற்றதும், குத்துச்சண்டையில் பழகியதும் அங்கேதான். அந்த விழும் உடம்பு அங்கே தயாரானது. பத்து வருஷம் கழித்து 1940-ல் அதே லக்னோவில் ஹாரி ராட்ஜர் வெப் என்று ஒரு குழந்தை பிறந்தது, 1948-ல் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து போனது. அவர்தான் கிளிஃப் ரிச்சர்ட்.

ராக் அண்ட் ரோல் வந்ததும் என்ன ஆனது?

முதலில் டாமி ஸ்டீல். லண்டன் பெர்மண்ட்சே பையன், 20 வயதிலேயே சொந்தக் கதை படமாகிவிட்டது (1957). 'டாமி தி டொரியடார்' (1959) குழந்தைகளுக்கு இன்றும் பிடிக்கும். கையில் கிட்டார் வந்துவிட்டதே தவிர ஆள் அதே மியூசிக் ஹால் வார்ப்பு.

கிளிஃப் வேறு மாதிரி. 'தி யங் ஒன்ஸ்' (1961) படத்தில் இளைஞர் மன்றத்தை இடிக்க வரும் கட்டட முதலாளி அவன் அப்பாவே, ராபர்ட் மார்லி. 'சம்மர் ஹாலிடே' (1963) இன்னும் அழகு. ஆரம்பத்தில் கறுப்பு வெள்ளை, ஒரு பிரிட்டிஷ் கடற்கரை, பேண்டு வாசிக்கிறது, மழை கொட்டுகிறது, விடுமுறைக்கு வந்தவர்கள் நனைந்துகொண்டு ஓடுகிறார்கள். திடீரென்று திரை வண்ணமாகி, சிவப்பு இரட்டை மாடிப் பேருந்து ஒன்றை ஓட்டிக்கொண்டு கிளிஃப் வருகிறார். பஸ் மெக்கானிக்குகள் நாலு பேர் அந்த வண்டியையே வீடாக்கி ஏதென்ஸ் வரை போகிறார்கள். போர், ரேஷன் எல்லாம் பார்த்த நாட்டில், சாதாரணத் தொழிலாளிப் பையன்கள் ஐரோப்பாவைச் சுற்றுவது அன்றைக்குப் பெரிய கனவு. இயக்குநர் பீட்டர் யேட்ஸின் முதல் படம் இது. 'பேச்சலர் பாய்' பாட்டு, படம் நீளம் போதவில்லை என்று பிறகு ஸ்டுடியோவில் எடுத்துச் சேர்த்தது. சேர்த்த பாட்டுதான் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது.

பீட்டில்ஸ் படத்தை இதில் சேர்க்கலாமா?

தாராளமாக. 'எ ஹார்ட் டேஸ் நைட்' (1964) இந்த மரபின் பேரப்பிள்ளை. ஏறக்குறைய 2 லட்சம் பவுண்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டரை பீட்டில்ஸுக்குப் பிடித்ததே அவர் ஸ்பைக் மில்லிகன், பீட்டர் செல்லர்ஸ் என்ற நகைச்சுவைக் கூட்டத்தோடு குறும்படம் எடுத்தவர் என்பதால்தான். தாத்தாவாக வரும் வில்ஃப்ரிட் பிராம்பெலை எல்லோரும் "ரொம்பச் சுத்தமான மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அப்போது அவர் நடித்த டிவி தொடரில் அவர் அழுக்குக் கிழவன், அதுதான் நகைச்சுவை. ரயில் நிலையம் நோக்கி ஓடும் முதல் காட்சியில் ஜார்ஜ் ஹாரிசன் நிஜமாகவே தடுக்கி விழுகிறார், அப்படியே வைத்துவிட்டார்கள்.

இன்று பார்க்கும்போது உறுத்துகிற விஷயம் உண்டா?

உண்டு, மறைக்க மாட்டேன். பெண்கள் பல படங்களில் பரிசுப்பொருள் மாதிரி கடைசியில் நிற்பார்கள், கிரேசி காலத்தில் படத்தையே தாங்கிய இடம் போருக்குப் பிறகு சுருங்கிவிட்டது. பீட்டில்ஸின் 'ஹெல்ப்!' (1965) படத்தில் காளியை வைத்து ஒரு கேலிக் கூட்டம், இந்தியராக நடிப்பது மையிட்ட வெள்ளையர்கள். நமக்குச் சிரிப்பு வராது. அதே படப்பிடிப்பில் ஒரு உணவகக் காட்சிக்கு வந்த இந்திய இசைக்கலைஞர்களிடம்தான் ஜார்ஜ் ஹாரிசன் சிதாரை முதலில் கையில் எடுத்துப் பார்த்தார் என்பதும் உண்மை.

இந்த வகைப் படங்கள் ஏன் நின்றுபோயின?

டிவி. 1946-ல் பிரிட்டனில் ஒரே வருஷத்தில் சுமார் 163 கோடி சினிமா டிக்கெட் விற்றது. 1960-ல் அது ஏறக்குறைய 50 கோடி. மியூசிக் ஹால் அரங்குகள் ஒவ்வொன்றாக மூடின, புது ஆட்கள் வளர இடம் இல்லை. 1958-ல் தொடங்கிய 'கேரி ஆன்' படங்கள் பாட்டை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டன. மான்செஸ்டரில் ஒரு பழைய தேவாலயத்தில் மான்குனியன் ஃபிலிம்ஸ் என்ற நிறுவனம் ஸ்டுடியோ நடத்தியது, ஃபார்ம்பியின் முதல் இரண்டு படங்களை எடுத்த அதே நிறுவனம். 1954-ல் அந்தக் கட்டடத்தை பிபிசி வாங்கியது. 1964 ஜனவரியில் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' டிவி நிகழ்ச்சி முதன்முதலாக அங்கிருந்துதான் ஒளிபரப்பானது. யார் இடத்தை யார் பிடித்தார்கள் என்பதற்கு அந்த ஒரு கட்டடம் போதும்.

ஆங்கிலம் புரியுமா?

கிளிஃப், பீட்டில்ஸ் பெரும்பாலும் புரியும். ஃபார்ம்பியும் கிரேசியும் லங்காஷயர் வட்டார வழக்கு, முதலில் தலை சுற்றும், எழுத்து வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். நார்மனுக்கு மொழியே தேவையில்லை. எங்கள் வீட்டில் 'ட்ரபிள் இன் ஸ்டோர்' ஓடியபோது, ஆங்கிலம் பேசாத என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பாட்டு வந்ததும், "இவனை ஏன்டா எல்லாரும் இப்படி விரட்டுறாங்க?" என்று கேட்டார்.

எங்கே தொடங்குவது?

'ட்ரபிள் இன் ஸ்டோர்', 'நோ லிமிட்', 'சம்மர் ஹாலிடே', இந்த வரிசையில். பிடித்திருந்தால் 'சிங் ஆஸ் வீ கோ'. எப்போதாவது ஐல் ஆஃப் மேன் போனால் டக்ளஸ் ஊரில் ஃபார்ம்பிக்கும் நார்மனுக்கும் சிலை இருக்கிறது, ஃபார்ம்பி விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நிற்பார், நார்மன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் உண்டு.

அப்புறம், 1995-ல் பீட்டில்ஸ் பெயரில் வந்த 'ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்' பாட்டைக் கடைசி வரை கேளுங்கள். முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் உகுலேலே ஒன்று துள்ளும், ஜார்ஜ் ஹாரிசன் வாசிப்பது, அவர் ஃபார்ம்பியின் பரம ரசிகர். கூடவே ஜான் லென்னன் குரலில் ஏதோ புரியாத பேச்சு வரும். அதைத் தலைகீழாக ஓடவிட்டால், ஃபார்ம்பி படத்துக்குப் படம் சொல்லும் அதே வசனம்: "மறுபடியும் நல்லாத்தான் ஆயிருக்கு."